கிரீ அசையெழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடபகுதியில் ஊர்ப் பலகைகளிலும் பள்ளிச் சுவர்களிலும் முக்கோணம், வளைவு, கொக்கி என்று அமைந்த எழுத்துகளைக் காணலாம். முதல் பார்வைக்குக் கணிதக் குறியீடுகளைப் போலத் தோன்றினாலும், இவை கிரீ, ஒஜிப்வே முதலான அல்கோன்கியன் மொழிகளை எழுதப் பயன்படும் அசையெழுத்துகள். எழுத்துமுறைகளில் ஆர்வமுள்ள தமிழ் வாசகர்கள் இவற்றைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். உயிர்மெய் எழுத்தோடு வளர்ந்த நமக்கு இந்த எழுத்து மற்றவர்களைவிட விரைவாகப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அல்கோன்கியன் மொழிகள் என்றால் எவை?

வட அமெரிக்காவில் அட்லாண்டிக் கரை தொடங்கி ராக்கி மலையடிவாரம் வரை பரவியிருக்கும் ஒரு பெரிய மொழிக் குடும்பம். கிரீ, ஒஜிப்வே, பிளாக்ஃபுட், மிக்மாக், இன்னு, நாஸ்காபி, செயென் எல்லாம் இதில் அடங்கும். கனடாவில் இவற்றுள் அதிகம் பேர் பேசுவது கிரீ. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 86,000 பேர் கிரீ வழக்குகளில் ஒன்றைப் பேசக்கூடியவர்கள்.

வழக்குகள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மேற்கே ஆல்பர்ட்டாவில் தொடங்கிக் கிழக்கே க்யூபெக் வரை கிரீ ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே போகிறது. 'நான்' என்பதைச் சமவெளிக் கிரீயில் நியா என்பார்கள். சதுப்புநிலக் கிரீயில் நினா, மூஸ் கிரீயில் நிலா, அத்திக்கமேக்கில் நிரா. இந்த வேறுபாடுகளை அறிந்துகொண்டால் எழுத்திலும் வட்டாரத்துக்கு வட்டாரம் சிறு மாற்றங்கள் இருப்பதில் வியப்பு இராது.

இந்த எழுத்து எப்படி இயங்குகிறது?

தமிழில் 'ப' என்ற எழுத்தோடு காலும் கொம்பும் சேர்த்து பா, பெ, பொ என்று ஆக்குகிறோம். உயிருக்கு உயிர் ஒட்டுக்குறி மாறுகிறது. 'ப' தன் இடத்தில் அப்படியே இருக்கிறது. கிரீயில் ஒட்டுக்குறிக்கே வேலை இல்லை. மெய் எது என்பதை வடிவம் சொல்கிறது. உயிர் எது என்பதை அந்த வடிவம் நோக்கும் திசை சொல்கிறது.

திசைகள் நான்கு, அடிப்படை உயிர்களும் நான்கு. இடப்பக்கம் நோக்கினால் அ, வலப்பக்கம் நோக்கினால் ஒ, மேல் நோக்கினால் இ, கீழ் நோக்கினால் ஏ. தனி உயிருக்கு உரிய வடிவம் முக்கோணம். அதன் கூர்முனை இடப்பக்கம் இருந்தால் 'அ' என்று படிக்க வேண்டும். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, முனையும் இரு கோடுகளும் மட்டும் நின்றால் ப வரிசை: முனை மேலே இருந்தால் பி, கீழே இருந்தால் பே. கோணத்துக்குப் பதில் வளைவு வந்தால் த வரிசை. வளைவு மேற்புறமாக இருந்தால் தி, கீழ்ப்புறமாக இருந்தால் தே.

முக்கோணமும் வளைவும் சமச்சீரானவை; அவற்றைச் சுழற்றினால் போதும். மற்ற வரிசைகளில் வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்ப வேண்டும். தமிழர் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடியது ம வரிசை. நம் 'ட' போன்ற வடிவம்தான் கிரீயில் 'ம'. அதை இடவலமாகத் திருப்பினால் 'மொ'. மேல்கீழாகக் கவிழ்த்தால் 'மி'. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 'மே'. மேற்குக் கிரீயில் இப்படி ஒன்பது அடிப்படை வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள், ஆக 36 எழுத்துகள். 247 எழுத்துகளை மனப்பாடம் செய்த நமக்கு இது ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை.

ஒரு சொல்லைப் படித்துப் பார்ப்போம். இடப்பக்கம் நோக்கிய முக்கோணம், அடுத்து மேற்புறம் வளைந்த வடிவம், கடைசியில் சற்று உயரத்தில் சிறியதாக ஒரு 'ட'. அ, தி, ம். 'அதிம்' என்றால் நாய்.

கடைசியில் வரும் அந்தச் சிறு எழுத்துதான் மெய்யெழுத்தா?

ஆம். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் எழுத்தைச் சிறியதாக்கி மேலே தூக்கி எழுதுகிறார்கள். மேலே காட்டியது கிழக்கு முறை: அகர வரிசை எழுத்தையே சிறிதாக்கினால் அது மெய். மேற்கு முறையில் மெய்களுக்கு வேறு குறிகள் உண்டு. ப் என்பதற்கு நிமிர்ந்த சிறு கோடு, த் என்பதற்கு வலப்பக்கம் சாய்ந்த கோடு, க் என்பதற்கு இடப்பக்கம் சாய்ந்த கோடு, வ் என்பதற்குச் சிறு வட்டம். மானிட்டோபாவும் ஒன்டாரியோவும் சந்திக்கும் எல்லையை இரு முறைகளுக்கும் நடுவேயான கோடாக ஏறத்தாழ வைத்துக்கொள்ளலாம். 'க்வ', 'ப்வ' போன்ற அசைகளில் வகரத்தைக் காட்ட எழுத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். மேற்கில் அந்தப் புள்ளி எழுத்துக்குப் பின்னால் வரும், கிழக்கில் முன்னால் வரும்.

குறிலையும் நெடிலையும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் நெடில். ஏகாரம் கிரீயில் எப்போதும் நெடில்தான் என்பதால் அதற்குப் புள்ளி தேவைப்படுவதில்லை. இது விதி. நடைமுறையில் பழைய அச்சுப் புத்தகங்களிலும் கடிதங்களிலும் பெரும்பாலும் இந்தப் புள்ளியை விட்டுவிட்டே எழுதியிருக்கிறார்கள். மொழி தெரிந்தவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார்.

நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. சுவடியில் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்லப்படும் சீர்திருத்தத்துக்குப் பிறகே நமக்கு அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே "புள்ளி வைக்காத கிரீ எழுத்து குறையுள்ளது" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாய்மொழியாகப் பேசுபவருக்கு அது போதுமானதாகவே இருந்தது. இப்போது நிலைமை வேறு. ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களான பின் கிரீ கற்கிறார்கள். அவர்களுக்குப் புள்ளி அவசியம், அதனால்தான் பள்ளிகளில் புள்ளியோடு எழுதக் கற்றுத்தருகிறார்கள்.

ஒஜிப்வேயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே ப் என்பதற்கும் அழுத்தமில்லாத அதன் இணையொலிக்கும் பொருள் வேறுபாடு உண்டு. வழக்கமான அசையெழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். 'பல்', 'பந்து' இரண்டுக்கும் ஒரே 'ப' எழுதுகிற நமக்கு இதன் அருமையும் தொல்லையும் ஒருங்கே புரியும்.

இதை உருவாக்கியவர் யார்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான நூல்கள் ஒரு பெயரோடு நிறுத்திவிடுகின்றன: ஜேம்ஸ் எவான்ஸ். அந்தப் பெயருக்கு ஆதாரம் இருக்கிறது. 1801இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்த எவான்ஸ், கனடாவுக்கு வந்து மெதடிஸ்ட் மிஷனரியானவர். ஒன்டாரியோவில் ஒஜிப்வே மக்களிடையே பல ஆண்டுகள் இருந்து, அவர்கள் மொழியைக் கற்று, 1837இல் ரோமன் எழுத்தில் ஒரு ஒஜிப்வே பாடநூலை வெளியிட்டார். 1840இல் வின்னிபெக் ஏரியின் வடமுனைக்கு அருகிலுள்ள நார்வே ஹவுஸ் என்ற கம்பளித்தோல் வணிகத் தலத்துக்கு வந்தார். அந்த ஆண்டே அசையெழுத்தில் பாடல் அச்சிட்டார். அடுத்த ஆண்டு சிறு பாடல் புத்தகம் வந்தது. அச்சுக்கூடம் எதுவும் அங்கே இல்லை. தேயிலைப் பெட்டிகளின் உள்ளே இருந்த ஈயத் தகட்டை உருக்கி அச்செழுத்து வார்த்ததாகவும், புகைக்கரியை மீன் எண்ணெயில் குழைத்து மை செய்ததாகவும், தோல் மூட்டைகளை அழுத்தும் கருவியையே அச்சுப்பொறியாக்கியதாகவும் சொல்வார்கள்.

கிரீ மக்களிடம் வேறு வரலாறு இருக்கிறது. காட்டுக் கிரீ இனத்தைச் சேர்ந்த மிஸ்தனாகோவேவ் என்ற பெரியவர் இறந்துபோனார், பின் உயிர் மீண்டார். மறு உலகில் அவருக்கு இந்த எழுத்துகள் பூர்ஜ மரப்பட்டையில் வழங்கப்பட்டன, தம் மக்களுக்குக் கற்பிக்கச் சொல்லி அனுப்பப்பட்டார் என்கிறது அந்த மரபு. கனடிய அரசுக்கு எதிரான 1885 போரில் கிரீ வீரர்களுக்குத் தலைமை தாங்கிய ஃபைன் டே, 1930களில் மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாமிடம் இதை விவரித்திருக்கிறார். மிஸ்தனாகோவேவிடம் கற்ற ஒருவர் விருந்து வைத்து, விரும்பியவர்களுக்கெல்லாம் எழுத்தைச் சொல்லித்தந்தார் என்றும், தாம் அப்படித்தான் கற்றுக்கொண்டார் என்றும் சொன்னார். மிஷனரிகள் இந்த எழுத்தை மாற்றித் தங்களுடையது என்பார்கள் என்ற எச்சரிக்கையும் அப்போதே தரப்பட்டதாம். கிரீ தெரிந்தவருக்கு மட்டுமே இதைப் படிக்க முடியும், ஆகவே இது வெள்ளையருடையது ஆகாது என்று ஃபைன் டே வாதத்தை முடிக்கிறார்.

என் கருத்தைச் சொல்கிறேன். அச்சிட்டவர் எவான்ஸ் என்பதில் ஐயமில்லை. அவருடைய கடிதங்களும் அச்சுப் பிரதிகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு மொழியின் ஒலிகளை இவ்வளவு கச்சிதமாக 36 வடிவங்களில் அடக்குவது அந்த மொழியைப் பேசுபவர்கள் பக்கத்தில் இல்லாமல் நடக்கிற காரியம் அல்ல. அவர் கிரீ நாட்டுக்கு வந்து சேர்ந்த ஆண்டிலேயே அச்சு வெளிவந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒஜிப்வே மக்களும் கிரீ மக்களும் அவருக்குக் கற்பித்தார்கள், திருத்தினார்கள். அவர்கள் பெயர்கள் அட்டையில் ஏறவில்லை.

இது வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். இருபது ஆண்டுகள் கழித்து இதே கதை பதிவோடு நடந்தது. 1862இல் லண்டனில் அச்சான கிரீ விவிலியம் வில்லியம் மேசன் என்ற மிஷனரியின் பெயரில் வெளிவந்தது. உண்மையில் மொழிபெயர்ப்பில் பெரும் பங்கு ஹென்றி பேர்ட் ஸ்டைன்ஹவர் என்ற ஒஜிப்வே இனத்தவர், ஜான் சின்க்ளேர், கிரீ மொழியைச் சிறுவயது முதல் பேசிய மேசனின் மனைவி சோஃபியா ஆகியோருடையது.

தேவநாகரியிலிருந்து வந்தது என்கிறார்களே?

ஓரளவு வலுவான கருத்து. பல மெய்களின் வடிவங்களைத் தேவநாகரி எழுத்துகளின் தலைக்கோட்டையும் தண்டையும் நீக்கிப் பார்த்தால் ஒற்றுமை தெரிகிறது என்று எழுத்தியல் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து ஓரெழுத்தாகும் தத்துவமும் இந்திய எழுத்துகளுடையது. இந்தியாவில் வேலை செய்த மிஷனரிகளின் வெளியீடுகள் அக்காலத்தில் கடல் கடந்து புழங்கின. இன்னொரு பக்கம், மேற்கு முறையின் மெய்க் குறிகள் 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்துக் கோடுகளை நினைவூட்டுகின்றன. எவான்ஸ் சுருக்கெழுத்து அறிந்தவர். ஆனால் உயிரைத் திசையால் காட்டும் உத்திக்கு இந்திய எழுத்து எதிலும் முன்மாதிரி இல்லை. எனவே "இது நம்மிடமிருந்து போனது" என்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை.

எப்படி இவ்வளவு விரைவாகப் பரவியது?

மக்கள் பரப்பினார்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் இல்லாத காட்டுப் பகுதிகளில், வேட்டைக் குடும்பங்கள் குளிர்கால முகாம்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். கரியும் மரப்பட்டையும் போதும். படகுப் பாதைகளில் பின்னால் வருபவர்களுக்குச் செய்தி எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மிஷனரிகள் முதன்முறையாகப் போய்ச் சேர்ந்த சில ஊர்களில் மக்கள் ஏற்கெனவே இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். எழுத்தின் எளிமையும் இதற்குக் காரணம். நான்கு திசைகளைப் புரிந்துகொண்ட ஒருவர் தாமே மீதியைப் பிடித்துக்கொள்வார்.

பிறகு வந்த உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசினாலே தண்டிக்கப்பட்டார்கள். அத்தகைய பள்ளிகளில் கடைசியானவை 1990களில்தான் மூடப்பட்டன. அந்தக் காலம் முழுவதும் அசையெழுத்தைக் காத்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள். தேவாலயப் பாடல் புத்தகமும் சொந்தக் கடிதங்களும்தான் அவர்களுக்குப் பாடநூல்.

எல்லா அல்கோன்கியன் மொழிகளும் இதே எழுத்தில்தான் எழுதப்படுகின்றனவா?

இல்லை. இன்னு, அத்திக்கமேக் மொழிகள் ரோமன் எழுத்தில் எழுதப்படுகின்றன. நாஸ்காபி அசையெழுத்தில்தான் எழுதப்படுகிறது. பிளாக்ஃபுட் மொழிக்கு ஜான் வில்லியம் டிம்ஸ் என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி 1880களில் தனி அசையெழுத்து அமைத்தார். கிரீ வடிவங்கள் சில அதில் வேறு ஒலிகளைக் குறிக்கும். ஐந்து பேரேரிகளைச் சுற்றியுள்ள மெஸ்க்வாக்கி, பொட்டவாட்டமி போன்ற மக்களிடம் ஐரோப்பியக் கையெழுத்திலிருந்து கிளைத்த வேறொரு அசையெழுத்து உண்டு. மிக்மாக் மக்களின் படவெழுத்து அதற்கெல்லாம் முந்தியது. 1677இல் கிரெட்டியன் லெ கிளெர்க் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மிக்மாக் சிறுவர்கள் கரியால் மரப்பட்டையில் குறிகள் இடுவதைக் கண்டு அதை வளர்த்ததாக எழுதியிருக்கிறார்.

கிரீ எழுத்து குடும்ப எல்லையையும் தாண்டியது. கனடாவின் வடகோடியிலுள்ள நுனாவுட்டில் இனுயிட் மக்கள் பேசும் இனுக்டிடுட் மொழியின் எழுத்து இதன் வழிவந்ததே. அந்த மொழிக்கும் அல்கோன்கியனுக்கும் உறவு கிடையாது.

செரோக்கி எழுத்தும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. அது அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி இனத்தைச் சேர்ந்த செக்கோயா தம் மொழிக்காக 1821 வாக்கில் முடித்த தனிப் படைப்பு. அதில் ஒவ்வோர் அசைக்கும் தொடர்பில்லாத தனி வடிவம் உண்டு.

இன்று யார் பயன்படுத்துகிறார்கள்? ரோமன் எழுத்து இதை விழுங்கிவிடுமா?

மிக வலுவாக இருப்பது ஜேம்ஸ் விரிகுடாவின் க்யூபெக் பகுதியில். சிசாசிபி, மிஸ்டிசினி, வாஸ்ககானிஷ் போன்ற கிரீ ஊர்களில் வாகனத்தை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பலகையிலும் அசையெழுத்து இருக்கிறது. 1975இல் கையெழுத்தான ஜேம்ஸ் விரிகுடா ஒப்பந்தத்தின் விளைவாக 1978இல் கிரீ பள்ளி வாரியம் அமைந்தது. தொடக்க வகுப்புகளில் கிரீ மொழியையும் எழுத்தையும் கற்பிக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வந்தது. வடக்கு ஒன்டாரியோவிலும் ஒஜி-கிரீ ஊர்களில் இந்த எழுத்து புழக்கத்தில் இருக்கிறது.

மேற்கில் நிலைமை வேறு. சஸ்காச்சுவானிலும் ஆல்பர்ட்டாவிலும் பல்கலைக்கழகப் பாடங்களும் அகராதிகளும் பெரும்பாலும் தரப்படுத்தப்பட்ட ரோமன் எழுத்துமுறையைப் பின்பற்றுகின்றன. கணினியில் அடிப்பது எளிது, ஆங்கிலம் படித்தவருக்குப் பழக்கப்பட்டது என்பவை காரணங்கள். இனுயிட் மக்களின் தேசிய அமைப்பும் 2019இல் எல்லா வழக்குகளுக்கும் பொதுவான ஒரு ரோமன் எழுத்துமுறையை ஏற்றது.

ரோமனில் எழுதும் கிரீ ஆசிரியர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மொழி பிழைக்க எந்த வழி உதவுகிறதோ அதை அவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அசையெழுத்து பலகைக்கும் முத்திரைக்கும் மட்டும் உரிய அலங்காரமாக ஒதுங்கிவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை தன் பாட்டியின் கடிதத்தைத் தானே படிக்க வேண்டும்.

கணினியிலும் கைப்பேசியிலும் எழுத முடியுமா?

முடியும். 1999இல் வந்த யூனிகோட் 3.0 பதிப்பில் கனடியப் பழங்குடி அசையெழுத்துகளுக்கு 640 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. 2009இல் விரிவாக்கத் தொகுதி சேர்ந்தது. 2021இல் நட்டிலிக் இனுயிட் வழக்குக்குத் தேவையான, அதுவரை விடுபட்டிருந்த எழுத்துகளும் வந்தன. விண்டோஸ், ஆப்பிள் கணினிகளில் யூஃபீமியா என்ற எழுத்துரு இந்த எழுத்துகளைக் காட்டும்.

தமிழ்க் கணிமை தெரிந்தவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. யூனிகோடில் 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் வேண்டும் என்று நம்மவர்கள் வாதாடியதன் பயன்தான் டேஸ்-16 குறியாக்கம். 2010இல் தமிழ்நாடு அரசு அதையும் ஏற்றது. கிரீ எழுத்துக்கு யூனிகோடிலேயே அந்த வழி கிடைத்தது: 'கி' ஒரு குறியீடு, 'க' வேறொரு குறியீடு. தேடலும் வரிசைப்படுத்தலும் இதனால் எளிதாகின்றன. ஆனால் 'ம'வைக் கவிழ்த்தால் 'மி' என்ற உறவு கணினிக்குத் தெரியாது. அதற்கு இரண்டும் தொடர்பற்ற எண்கள். என் பார்வையில் இந்த எழுத்தின் அழகே அந்த உறவில்தான் இருக்கிறது.

தமிழை இதில் எழுதலாமா?

விளையாட்டாக எழுதிப் பார்க்கலாம், உருப்படியாக வராது. சமவெளிக் கிரீயில் மெய்யொலிகள் பத்தே. நம் ல, ழ, ள வேறுபாட்டுக்கும் ண, ந, ன வேறுபாட்டுக்கும் அங்கே இடமில்லை.

கற்க விரும்பினால் எங்கே தொடங்குவது?

மேற்கு முறையா, கிழக்கு முறையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் மெய்க் குறிகள் குழப்பும். சமவெளிக் கிரீக்கு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் 'இத்வேவினா' இணைய அகராதி நல்ல துணை. ஒரே சொல்லை ரோமனிலும் அசையெழுத்திலும் அது காட்டும். உயிர், ப, த ஆகிய மூன்று வரிசைகளை நான்கு திசைகளிலும் எழுதிப் பழகுங்கள். திசை கைக்கு வந்த பிறகு ம வரிசைக்குப் போங்கள். க, ச, ந வரிசைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பிம்பங்கள் அங்கேதான் அதிகம் ஏமாற்றும். சொற்களை வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கு அருகில் கிரீ பேசுபவர் இருந்தால், அவருடைய ஊரில் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டு அதையே பின்பற்றுங்கள்.